மூன்று மணி முகம்

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது எளிது. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே யன்னல் சீலையை இழுத்து மூடுவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். வாசலில் யாராவது தட்டினால், வீட்டில் ஆளில்லாததுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து விசாவோடு வெளியே வந்து மாதக்கணக்கான பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"விசாவைத் தந்தவங்கள், பயத்தைத் திருப்பி வாங்க மறந்திட்டாங்கள்" என்று இவர் பகிடி பண்ணுவார். இவர் என்றால் என் கணவர். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை. பகல் முழுக்க அந்த வீட்டில் விழித்திருப்பது நானும் என் பயமும்தான்.

அப்படிப்பட்ட என்னிடம்தான், ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று நாள்தோறும் பார்த்துச் சொல்லும் வேலை வந்து சேர்ந்தது.

2011ஆம் ஆண்டு குளிர்காலம். செவன் ஹில்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஒற்றை அறையோடு ஒரு சின்ன வீடு இருந்தது. அதில் ஒரு சோமாலியப் பெண் குடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. வந்த மறுநாள் கதவைத் தட்டினாள். நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்தேன். அவள் போகவில்லை.

"உள்ள நிக்கிறது தெரியுது. கதவுக்குக் கீழால கால் தெரியுது" என்றாள்.

அவள் சொன்னது ஆங்கிலத்தில். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும்தான். அவளுக்கும் அது ஓட்டை, எனக்கும் ஓட்டை. அந்த ஓட்டை ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது என்பதால் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அவள் என்னை "வளால்" என்று கூப்பிடுவாள். அவர்களுடைய மொழியில் உடன்பிறப்பு என்று அர்த்தம்.

அவள் வந்தது எங்கள் தொலைக்காட்சியைக் கேட்டு. பென்டில் ஹில் தமிழ்க் கடையில் நாங்கள் வாங்கிய இன்ரநெற் பெட்டி ஒன்று அதில் பூட்டியிருந்தது. தமிழ்ச் சானல்கள் பார்ப்பதற்காக வாங்கியது. அதற்குள் உலகத்தில் உள்ள சானல்கள் எல்லாம் அடைந்து கிடந்தன. அவள் ரிமோட்டை வாங்கி அழுத்திக்கொண்டே போனாள். துருக்கி வந்தது, ஏதோ சமையல் வந்தது, யாரோ குதிரையில் போனார்கள். கடைசியில் ஒரு நீல நிறப் பின்னணியும் மேசையும் வந்தன. மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவர்தான்" என்றாள். "என்ரை மனுசன்."

மொகடிசுவில் இருந்த ஒரு தனியார் செய்திச் சானல் அது. அரசாங்கத்தின் பணத்தில் நடந்ததல்ல. யுத்தத்தில் வெளியே ஓடிப்போன சிலர் திரும்பி வந்து, கைக்காசைப் போட்டுத் தொடங்கியது. அதனால் அது யாருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அதன்மீது கோபம். ஒரு நாள் அரசாங்கத்துக்குப் பிடிக்காத செய்தி, மறுநாள் ஆயுதக்காரருக்குப் பிடிக்காத செய்தி. யாருக்குக் கோபம் வந்தாலும் சாவது வாசித்த ஆளும் படம் பிடித்த ஆளும்தான் என்று அவள் சொன்னாள். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நான் வந்த இடத்திலும் செய்தி சொன்னவர்களின் கதி அதுதான்.

அவர் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டுக்கும் சானலுக்கும் இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச ரோட்டில்தான் ஆட்களைச் சுடுவார்கள். ஆகவே சானல் கட்டடத்துக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்தார், அங்கேயே சாப்பிட்டார். போனைத் திறந்தால் மிரட்டல் வரும் என்று பெரும்பாலும் மூடியே வைத்திருந்தார். நம்பரையும் அடிக்கடி மாற்றினார். இவளுக்கு இங்கே மனிதாபிமான விசா கிடைத்தபோது, "நீ முன்னுக்குப் போ, நான் பின்னால வாறன்" என்று சொல்லி அனுப்பியவர், அந்தக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. விண்ணப்பம் போடக் கையெழுத்து வைக்கச் சொல்லி இவள் கெஞ்சுவாள். அடுத்த மாதம் என்பார்.

ஆக, அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரேயொரு வழிதான் இருந்தது. அவர்களுடைய காலைச் செய்தி எங்களுக்குப் பிற்பகல் மூன்று மணி. அது நேரடியாகப் போகும். மூன்று மணிக்கு அந்தக் கதிரையில் அந்த முகம் இருந்தால் அவர் இருக்கிறார்.

ஆனால் மூன்று மணிக்கு அவள் வேலையில் இருப்பாள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள தொழிற்பேட்டையில் ஒரு சலவைத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் துவைக்கிற இடம். போனைக் கையில் எடுக்க விடமாட்டார்கள். அவள் அதை இடுப்பில் செருகி, அதிர மட்டும் வைத்திருப்பாள்.

"வளால், நீ பார். உனக்குப் பாசை தெரியத் தேவையில்லை. முகத்தைப் பார். இருந்தார் எண்டால் ஒரு மிஸ்ட் கோல். ஒருக்கா அதிர்ந்தால் போதும், மிச்ச நேரத்துக்கு நான் வேலை செய்வன்."

"இல்லாட்டி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லாட்டி நீ அடிக்கமாட்டாய்தானே" என்றாள்.

வேலை இல்லாத நாட்களில் அவளே வந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். வருவாள். வந்து, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழும்பிக் குசினிக்குள் போய், சால்வையைத் தலைக்கு மேலால் இழுத்துக்கொண்டு நிற்பாள். "நீயே பார்" என்பாள். நான் "இருக்கிறார்" என்று கத்தின பிறகுதான் வந்து உட்காருவாள். எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியான என்னை முன்னுக்கு விட்டுவிட்டு இவள் சால்வைக்குள் நிற்கிறாளே என்று இருக்கும். ஆனாலும் பார்த்தேன்.

இரண்டரை மணிக்கே எனக்குக் கை குளிர்ந்துவிடும். பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். சில நாட்களில் இன்ரநெற் இழுபடும். திரையில் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டேயிருக்கும். நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிடுவேன். திடீரென்று படம் வரும். அவர் மேசையில் இருந்த தாள்களை ஒருமுறை தட்டி ஒழுங்காக்குவார். தண்ணீர்க் கிளாசை ஓரமாகத் தள்ளி வைப்பார். பிறகு நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கிளாஸ் நகர்ந்ததும் நான் போனை அழுத்திவிடுவேன். ஒரு ரிங், உடனே வெட்டு. அதற்குப் பிறகுதான் எனக்குப் பசி தெரியும்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண்ணும் இருப்பாள். கறுப்புக் கண்ணாடி பிரேம், தலையை மூடிய துணி, ஒவ்வொரு நாளும் வேறு நிறம். அவர் வாசித்த பிறகு அவள் வாசிப்பாள். செய்தி முடிந்ததும், கமரா விலகுவதற்கு முன்பே, கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். பொறுமை இல்லாத பிள்ளை. அவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. எனக்குத் தரப்பட்ட வேலை மற்ற முகம்.

பாசை தெரியாவிட்டாலும் செய்தி தெரிந்தது. எரிந்த வாகனம், ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பு, கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒரு நாள் செய்திக்குப் பதிலாக ஒரு மனிதரின் படம் திரை முழுக்க நின்றது. பின்னால் குர்ஆன் ஓதும் குரல். நான் பதறிப்போனேன். பிறகு அவர் வந்து உட்கார்ந்தார், கிளாசைத் தள்ளினார், ஆனால் கண்கள் சிவந்திருந்தன. அன்று பின்னேரம் அவள் சொன்னாள், படத்தில் இருந்தவர் வானொலிச் செய்தியாளர், வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று. ஊரில் எங்கள் வானொலியிலும் பாட்டு திடீரென்று நின்று சோக இசை தொடங்கினால் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழும்புவோம். அதேதான் என்று விளங்கிக்கொண்டேன். ஓதினால் சாவு.

இப்படியே குளிர்காலம் போயிற்று. ஒக்டோபர் வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்குப் பெட்டியைப் போட்டேன். வட்டம் சுற்றவில்லை, இழுபடவில்லை, படம் உடனே வந்தது. மேசை இல்லை. கதிரை இல்லை. ஒரு பச்சைப் பின்னணியில் அரபு எழுத்து. குரல் ஓதிக்கொண்டிருந்தது.

நிலத்தில் இருந்துவிட்டேன். இப்போது முடிந்துவிடும், இப்போது அவர் வந்து கிளாசைத் தள்ளுவார் என்று பார்த்தேன். வரவில்லை. குரல் நிற்கவில்லை. ஓதிக்கொண்டேயிருந்தது. போன் கையில் இருந்தது. அழுத்தினால் பொய். அழுத்தாவிட்டால் அவள் அங்கே, கொதிக்கும் விரிப்புகளுக்கு நடுவில், இடுப்பு அதிராமல் நின்றுகொண்டிருப்பாள். இவரை எழுப்பலாமா என்று அறைக்குள் போனேன். இரவு முழுக்க நின்று வேலை செய்த மனிதர், வாயைத் திறந்தபடி நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைப் போனில் சொல்வதில்லை. ஆள் நேரில் போகவேண்டும். போனவரும் உடனே சொல்லமாட்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லையென்றால் பக்கத்தில் இருந்து எப்படியாவது நாலு வாய் சாப்பிட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். கேட்ட பிறகு அந்த ஆள் எப்போது சாப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? என் அண்ணாவின் செய்தியை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். சித்தி இடியப்பமும் சொதியும் தந்தார். நான் ருசித்துச் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் சொதி கேட்டேன். இன்றுவரை இடியப்பம் என் தொண்டைக்குள் இறங்காது. ஆனாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இவருக்காக அவித்து வைத்திருந்த புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி, தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தேன்.

லொறிகள் என்னை உரசிக்கொண்டு போயின. நான் என்ன சொல்வது, எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எந்த வசனமும் வரவில்லை. அவள் விழுந்தால் பிடிக்கக்கூட எனக்குப் பெலன் இல்லை, அவள் என்னைவிட ஒரு முழம் உயரம்.

வேலைக்கு நடுவில் அவர்களுக்குச் சின்ன இடைவேளை உண்டு. நான் கேற்றுக்குப் போகவும் அவள் வெளியே ஓடி வரவும் சரியாக இருந்தது. முகம் வெளிறியிருந்தது. கையில் போன்.

"ஏன் அடிக்கேல்லை? ஏன் அடிக்கேல்லை?"

நான் பெட்டியை நீட்டினேன். "முதல் சாப்பிடு" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தம் திரும்பி வருவதை நான் கண்ணால் கண்டேன். பெரிய சிரிப்பு வந்தது.

"நீ பெரிய பிசாசு! சாப்பாடு கொண்டு வாற படியால்தான் அடிக்கேல்லையா? நான் செத்துப்போனன் தெரியுமா?" என்று என் தோளில் ஒரு அடி வைத்தாள். சுவரோரம் கிடந்த பலகைப் பெட்டியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். தேங்காய்ப்பூ மணத்தது. கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

அவர்களுடைய ஆட்கள் அப்படி ஒரு செய்தியோடு சாப்பாடு கொண்டு போகமாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டோடு வருகிறவள் நல்ல செய்தியோடு வருகிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. கத்தரிக்காயை எப்படிப் பொரித்தாய் என்று கேட்டாள். எனக்கும் ஒரு வாய் நீட்டினாள். நான் வாயைத் திறந்து வாங்கி, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம்போல நான் படகிலும் பயந்ததில்லை. ஒவ்வொரு வாயாக எண்ணினேன். இன்னும் மூன்று வாய் இருக்கிறது, இன்னும் இரண்டு இருக்கிறது. பெட்டி காலியானால் நான் வாயைத் திறக்க வேண்டும்.

பெட்டி காலியானது. அவள் விரலைச் சூப்பினாள்.

"ஓதுகினம்" என்றேன்.

"என்ன?"

"ரீவியில. மூண்டு மணிக்கு. அவர் வரேல்லை. ஓதிக்கொண்டே இருக்கினம்."

அவள் எழும்பவில்லை. கத்தவில்லை. கையில் இருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"படம் போட்டவங்களா?" என்று கேட்டாள்.

"என்ன படம்?"

"செத்த ஆளின்ரை படம். படம் போட்டவங்களா?"

"இல்லை. எழுத்து மட்டும்தான். பச்சை நிறத்தில."

அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு திடீரென்று தொழிற்சாலைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இண்டைக்கு உங்கட நாட்டில நேரத்தை மாத்தினவங்கள் எல்லோ?" என்றாள். அவுஸ்திரேலியா என்னுடைய நாடாகிப்போனது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

அன்று அதிகாலை இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். இவர் காலையில் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பியதை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் சோமாலியாவில் யாரும் எதையும் திருப்புவதில்லை. எங்கள் மூன்று மணி அவர்களுக்கு இனி ஒரு மணித்தியாலம் முந்தியது. அந்த நேரத்தில் சானல் நாளைத் தொடங்குவது குர்ஆன் ஓதித்தான். நான் ஒருநாளும் அவ்வளவு முந்திப் போட்டுப் பார்த்ததில்லை.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றாள். "இருக்கும்தானே, வளால்?" அவளுக்கும் நிச்சயம் இல்லை. மணி அடித்தது. உள்ளே போக வேண்டும். என் இரண்டு கைகளையும் பிடித்தாள். அவளுடைய கை ஐஸ். "ஓடு. நாலு மணிக்குப் பார். பாத்திட்டு அடி."

ஓடினேன். சேலையோ செருப்போ எதுவும் தடுக்காத வயதில்கூட நான் அப்படி ஓடியதில்லை. வீட்டுக்குள் விழுந்து பெட்டியைப் போட்டேன். வட்டம் சுற்றியது. அன்றைக்குத்தான் அது சுற்ற வேண்டுமா! கையால் தொலைக்காட்சியின் மண்டையில் அடித்தேன். படம் வந்தது. நீலப் பின்னணி, மேசை, தாள்களைத் தட்டுகிற இரண்டு கைகள். அவர் கிளாசைத் தள்ளி வைத்தார்.

நான் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கவில்லை. பத்தோ பன்னிரண்டோ கொடுத்தேன். சத்தத்துக்கு எழும்பி வந்த இவர், நான் நிலத்தில் இருந்து அழுவதைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆர் செத்தது?" என்றார். "ஒருத்தரும் சாகேல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். "என்ரை புட்டு எங்கை?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் மொகடிசுவில் அவர் போனைத் திறந்திருந்தார். அவள் எங்கள் ஹோலில் இருந்து கதைத்தாள். கதைத்தாள் என்றில்லை, ஓலமிட்டாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் நடுவில் "புட்டு" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவரிடம் என்ன சொன்னாள் என்று பிறகு எனக்குச் சொன்னாள். நீ செத்துப்போனாய் என்று சொல்ல வளால் எனக்கு முன்னால் நிற்கிறாள், நான் இருந்து சாப்பிடுகிறேன், கறி நல்லாயிருக்கு என்று சொல்கிறேன், இப்படி ஒரு சாப்பாட்டை இன்னொரு தரம் என்னால் சாப்பிட முடியாது என்று அவரிடம் சொன்னாளாம். அவர் முதலில் சிரித்தாராம். கடைசியில், "கையெழுத்து வைக்கிறன், அனுப்பு" என்றாராம்.

அந்த வருடம் முடிவதற்கு முன் அவர் நைரோபிக்கு ஓடிவிட்டார். கதிரை காலியாக இருந்த நாளில், முன்பே தெரிந்திருந்தும், செய்தி முடியும்வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் அந்தக் கதிரைக்கு அந்தக் கண்ணாடிப் பிள்ளை நகர்ந்து உட்கார்ந்தாள். கிளாசை அவள் தள்ளவில்லை. எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடங்கினாள்.

விசா வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. 2012ஆம் ஆண்டின் கடைசியில் விமான நிலையத்தில் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிட மெலிவு, முடி நரைத்திருந்தது. மனைவியைக் கட்டிப்பிடித்து முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, நெஞ்சில் கையை வைத்து, "புட்டு" என்றார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல். அந்தக் கதையை அவர் வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார். சாவுச் செய்தி சொல்ல முதல் சாப்பிட வைப்பார்களாம் இந்தத் தமிழர் என்று சொல்லி, நான் பெட்டியை நீட்டியதுபோல நடித்தும் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலை கிடைக்கும்வரை பகலில் அவர் வீட்டில்தான் இருந்தார். அவள் வேலைக்குப் போய்விடுவாள். செய்தி நேரத்துக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். முன்கதவு திறந்திருக்கும், இவர் உள் அறையில் நித்திரை. ஆனால் அவர் ஹோலுக்குள் வரமாட்டார். நேரே குசினிக்குள் போய், ஏலக்காய், கறுவா எல்லாம் போட்டு, சீனி அள்ளிக் கொட்டி, தேத்தண்ணி வைப்பார். குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்காது. அதற்காகத்தான் திறப்பது.

"இருக்கிறாளா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்.

அந்தக் கண்ணாடிப் பிள்ளையைத்தான் கேட்பார். நீயும் வெளிக்கிடு என்று அவர் எத்தனையோ தரம் அவளுக்குச் சொன்னாராம். நீங்கள் போனீர்கள், நானும் போனால் கதிரை சும்மா கிடக்கும் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஓம், இருக்கிறா" என்பேன். அதற்குப் பிறகுதான் குழாய் நிற்கும். தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்பார். அவள் கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால், "பொறுமை இல்லை" என்று தலையை ஆட்டுவார். மனைவி சால்வைக்குள் நின்ற அதே இடத்தில் கணவர் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார். பார்க்கிற வேலை மட்டும் கடைசிவரை எனக்குத்தான். ஆனால் இப்போது எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் மனப்பாடம். இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன மறு. சளி பிடித்தால் குரல் கட்டும். நான் யாருக்கும் மிஸ்ட் கோல் கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் மூன்றரை மணிக்குக் கை குளிரத்தான் செய்தது.

ஏப்ரலில் இங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்தார்கள். செய்தி திரும்பவும் மூன்று மணிக்கு வந்தது. இந்த விளையாட்டு அவருக்கு விளங்கவேயில்லை. "நினைச்ச நேரத்தில மாத்துறாங்கள், ஒரு அரசாங்கம் செய்யிற வேலையா இது?" என்று சிரித்தார்.

பிறகு ஜூன் மாதம். மழை பெய்து ஓய்ந்த நாள். அவர் வந்தார், குழாய் திறந்தது, ஏலக்காய் மணம் வந்தது. நான் பெட்டியைப் போட்டேன்.

ஓதும் குரல்.

பச்சைப் பின்னணி இல்லை. திரை முழுக்க அந்தப் பிள்ளை. கண்ணாடி போடாமல், எங்கேயோ ஒரு மரத்துக்குக் கீழே நின்று, வெய்யிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் மறு. ரிமோட்டைத் தேடினேன். மடியில்தான் இருந்தது, கை அதைக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவர் குழாயை முந்தியே மூடிவிட்டார்.

குரல் வீடு முழுக்கக் கேட்டது.

குசினியிலிருந்து அவருடைய குரல், மெதுவாக, பகிடி விடுவதுபோல.

"திரும்ப நேரத்தை மாத்திட்டாங்களா?"

ஜூன் மாதத்தில் இங்கே யாரும் நேரத்தை மாற்றுவதில்லை. ஒக்டோபர் வரைக்கும் எந்த மணிக்கூடும் அசையாது. இது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தொலைக்காட்சியை அணைத்தேன்.

"ஓம்" என்றேன். "மாத்திட்டாங்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு."

இரண்டு கப்களோடு வந்தார். முகத்தில் நிம்மதி, வாயில் அரசாங்கத்தைப் பற்றி ஏதோ சிரிப்பு. ஒரு கப்பை என் முன்னால் வைத்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் எழும்பினேன். அடுப்பில் மதியச் சோறும் பருப்பும் இருந்தன. நான் யோசித்துச் சொல்லவில்லை. என் சித்தியின் வாய், அதற்கு முந்தினவர்களின் வாய், அது தானாகவே சொல்லிற்று.

"வாங்கோ, முதல் சாப்பிடுங்கோ. பிறகு பாப்பம்."

அவர் மற்றக் கப்பை மேசையில் வைக்கக் குனிந்திருந்தார். வைக்கவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தார். தேத்தண்ணி தளும்பி அவருடைய விரலில் ஊற்றியது. அவர் கையை எடுக்கவில்லை.

"படம் போட்டவங்களா?" என்று கேட்டார்.

நான் சோற்றுப் பானையைத் திறந்தேன்.